மூன்று முறை அடித்தால் அவசரம்

2023 ஜூலையில் ராமதாஸுக்கு நூற்று நாற்பத்தாறு ரிங்டோன்கள் அடையாளம் தெரியும். அவர் பாட்டுப் பைத்தியம் இல்லை. மறைமலைநகரில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முன்வாசல் செக்யூரிட்டி. வேலைக்கு வருகிறவர்கள் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலை ஒட்டிய நீளமான அறையில் சுவர் முழுக்கத் தகர லாக்கர்கள். ஒவ்வொருவரும் தன் போனை வைத்துப் பூட்டி, சாவியை அடையாள அட்டைக் கயிற்றில் கோத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். காலை ஆறு மணி ஏ ஷிப்டுக்கு வந்தவர்கள் மதியம் இரண்டரைக்குத்தான் திரும்பி வந்து திறப்பார்கள். நடுவில் எட்டரை மணி நேரம் போன்கள் தகரத்துக்குள் கத்திக்கொண்டிருக்கும். அதைக் கேட்க அங்கே இருக்கும் ஒரே ஆள் ராமதாஸ்.

முதல் மாதம் தலைவலி மாத்திரையோடு வேலை பார்த்தார். படாளத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். இவரும் இருபது வயதுவரை அதையே செய்தார். பிறகு லாரி கிளீனர், செங்கல்பட்டில் கல்யாண மண்டப வாட்ச்மேன், கடைசியாக இந்தச் செக்யூரிட்டி ஏஜென்சியின் சட்டை. இப்போது வயது ஐம்பத்து மூன்று. எட்டாவது வரை படித்தவர். மனைவியின் நம்பரைக் கேட்டால் போனைப் பார்த்துத்தான் சொல்வார். காது மட்டும் வேறு ரகம். ஒரு சத்தம் இரண்டு தடவை கேட்டால் போதும், எங்கே கேட்டது, யாருடையது என்று மனதில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டரை மணிக்கு லாக்கரைத் திறக்கிறவர்களிடம் சும்மா பேச்சுக்குக் கேட்க ஆரம்பித்தார். "உன்னுது இன்னாப்பா சத்தம்?" கேட்டதும் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். தன் ரிங்டோனைப் பற்றி அதுவரை யாரும் அவர்களிடம் விசாரித்ததில்லை. அசெம்பிளி லைன் லீடர் சம்பத்துக்கு ரயில் ஹார்ன். பராமரிப்புப் பிரிவு நூர்முகமதுவுக்கு அவருடைய மகள் மலீஹா ஒன்றாம் வகுப்பில் சொன்ன வாய்ப்பாடு. பிரஸ் பிரிவு ஆல்வின் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் மாற்றுவார், அவருடைய காதல் நிலவரத்தைப் பொறுத்து.

அதிலிருந்து ஒரு வழக்கம் உருவானது. எந்த விதியிலும் எழுதப்படாத வழக்கம். வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் விடாமல் மூன்று முறை அடிக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் குடும்பத்தாரிடம் சொல்லிவைத்தார்கள். ஒரே ரிங்டோன் இடைவெளி இல்லாமல் மூன்று முறை கேட்டால் ராமதாஸ் இண்டர்காமை எடுப்பார். "சம்பத்து, நம்ம நூர்முகமதுக்கு வூட்லேர்ந்து மூணு அடிச்சிட்டாங்க." லைன் லீடர் ஐந்து நிமிடம் அனுமதி தருவார். ஆள் ஓடிவந்து லாக்கரைத் திறப்பார்.

வெல்டிங் பிரிவு சைஃபுல்லாவின் மனைவி அர்வாவுக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வலி எடுத்தது இப்படித்தான் உள்ளே தெரிந்தது. சைஃபுல்லாவின் ரிங்டோன் ஒரு விசில் சத்தம். மூன்றாவது விசில் முடிவதற்குள் ராமதாஸ் இண்டர்காமில் இருந்தார். "பாப்பாவக் குளிப்பாட்டறதுக்கு முன்னாடி பாத்துட்டேண்ணா" என்று மறுவாரம் சைஃபுல்லா ஒரு டப்பா பிரியாணியோடு வந்து நின்றார். மனிதவளப் பிரிவு அதிகாரி ரஞ்சித்குமாருக்கும் இந்த வழக்கம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

இந்த ஆண்டு மார்ச்சில் 'குந்துய்யா' வந்தது.

முட்டுக்காடு உப்பங்கழியில் ஒரு மீனவர் தன் படகில் நான்கு சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போயிருக்கிறார். அதில் ஒருவர் செல்ஃபி எடுக்க எழுந்து நின்றார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மீனவர் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்: "குந்துய்யா! கவுந்துடும், குந்துய்யா!" அந்தக் குரலும் செல்ஃபி வீடியோவில் பதிவானது. யாரோ அதை வெட்டி, பின்னால் பறையடியைச் சேர்த்து ரீல்ஸில் விட்டார்கள். இரண்டு வாரத்தில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் யாராவது ஒருவரின் சட்டைப்பை "குந்துய்யா" என்றது.

தொழிற்சாலைக்கு அதைக் கொண்டுவந்தவர் ஸ்டான்லி. வயது இருபத்தொன்பது, அசெம்பிளி லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. முட்டுக்காட்டில் உப்பங்கழியை ஒட்டிய தெருவில் வீடு. "அது எங்க தெரு ஆளு, மச்சான். அடுத்த வூடு" என்று கம்பெனி பஸ்ஸில் பெருமையாகப் போட்டுக் காட்டினார். பஸ் மறைமலைநகர் வருவதற்குள் பன்னிரண்டு பேர் ஏற்றிக்கொண்டார்கள்.

மே மாதக் கடைசியில் ஏ ஷிப்டில் மட்டும் தொண்ணூற்று நான்கு பேருக்கு அதே ரிங்டோன். சம்பத்தின் ரயில் ஹார்ன் போய்விட்டது. நூர்முகமது வாய்ப்பாட்டை விடவில்லை, அவ்வளவுதான்.

ராமதாஸ் வாசலில் நின்று கெஞ்சிப் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணா வெச்சிக்கோங்கப்பா. எனுக்கு ஒண்ணும் பிரிச்சுத் தெரியல."

"அண்ணாத்த, ஊரே இத்தான் வெச்சிகினு கீது" என்றார் ஆல்வின். "நான் மட்டும் டிங்கு டிங்குன்னு வெச்சிகினு போனா பொண்ணு பாக்கற வூட்ல மதிப்பாங்களா?"

"உனுக்கு எவன்டா பொண்ணு குடுக்கறான்?"

"அத்த வுடு. நீ இன்னாத்துக்கு நின்னுகினே பேசற? குந்துய்யா!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ராமதாஸும்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை எதிர்த்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் ஒரு போன் அடிக்கும். பன்னிரண்டு பேர் சட்டைப்பையைத் தடவுவார்கள். பதினோரு பேர் ஏமாந்து, அடித்தவனைத் திட்டுவார்கள். நாள் முழுக்க ஒரே மெஷின் முன்னால் பேசாமல் நிற்கிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு விளையாட்டு. அதை விட்டுவிடச் சொல்ல வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு என்ன அதிகாரம்?

ஜூன் முதல் வாரம் ஸ்டான்லியின் தெருவில் நான்கு வீடுகளின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். ஸ்டான்லியின் அப்பா கட்டிய வீடு. இரண்டு அறை, மேலே சிமெண்டு ஷீட். ஸ்டான்லி செங்கல்பட்டுக்குப் போய் வக்கீலைப் பிடித்தார். மறுநாள் ராமதாஸிடம் வந்தார்.

"அண்ணா, எப்ப வேணா ஜேசிபி வரும்னு சொல்றாங்க. வந்தா சிநேகா மூணு அடிப்பா. அடுத்த நிமிசம் எனுக்குச் சொல்லிடு."

சிநேகா அவருடைய மனைவி; வீட்டில் ஒரு பெண் குழந்தை. "நீ பாட்டுக்கு வேலையப் பாரு. நான் இங்கியேதானே கீறேன்" என்றார் ராமதாஸ்.

அந்த வாரமே ஒருநாள் 'குந்துய்யா' மூன்று முறை அடித்தது. ராமதாஸ் ஸ்டான்லியைக் கூப்பிட்டார். மூச்சு வாங்க ஓடிவந்து லாக்கரைத் திறந்தார் ஸ்டான்லி. ஒரு அழைப்பும் இல்லை. அடித்தது முபஷ்ஷிர் என்பவரின் போன். அவருடைய நண்பர்கள் சும்மா விளையாடியிருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும் அதே போல நடந்தது. இந்த முறை யாருடைய போன் என்றே தெரியவில்லை. ஸ்டான்லி உள்ளே திரும்புவதற்குள் லைன் ஏழு நிமிடம் நின்றுவிட்டது.

ரஞ்சித்குமார் இருவரையும் கூப்பிட்டார். ராமதாஸுக்கு மெமோ. ஸ்டான்லிக்கு எச்சரிக்கை. "இன்னொரு தடவை சும்மா வெளிய வந்தா, உங்க கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி ஆளை மாத்திடுவேன். நீங்க பெர்மனென்ட் இல்ல, ஞாபகம் இருக்கட்டும்." அவர் குரலை உயர்த்தவில்லை.

இருவரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அது நல்ல வழியும்கூட. சிநேகாவின் நம்பருக்கு மட்டும் தனி ரிங்டோன். ஸ்டான்லி தன் வீட்டு குக்கர் விசிலைப் பதிவு செய்து கொண்டுவந்தார். பழைய குக்கர், விசில் கிளம்பும்போது முதலில் இருமும். உலகத்தில் வேறு யாரிடமும் இருக்க முடியாத சத்தம். ராமதாஸ் லாக்கருக்குள் வைத்துப் பூட்டி அடிக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார்.

"இத்த எவனும் காப்பி அடிக்கலியே?"

"எங்க வூட்டு சாம்பார் வாசனை வந்தாத்தான் அடிப்பானுங்க."

"சரி. விசில் வந்தா நீ. வேற எதுனா வந்தா நீ இல்ல."

"அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை மாலை ஸ்டான்லியின் வீட்டை இடிக்கக் கோர்ட் இடைக்காலத் தடை கொடுத்தது. வக்கீலின் குமாஸ்தா உத்தரவை வாட்ஸப்பில் ஸ்டான்லிக்கு அனுப்பினார். சிநேகாவுக்கு அனுப்பியபோது அவள் போனில் இடம் இல்லை, இறங்கவில்லை. திங்கட்கிழமை ராமதாஸ், "ஒரு பிரிண்ட் எடுத்து வூட்ல வையேன்" என்றார். "வியாழக்கெயமை கோர்ட் முத்திரை போட்ட காப்பியே வந்துடும்ணா. அத்தயே கதவுல ஒட்டிடலாம்" என்றார் ஸ்டான்லி. அவர் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்ததாக ராமதாஸ் சொல்கிறார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முட்டுக்காட்டில் அந்தத் தெருவின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. சிநேகாவின் போனில் நான்கு சதவீதம் சார்ஜ் இருந்தது. வக்கீலுக்கு அடித்தாள். அவர் கோர்ட் அறைக்குள் இருந்தார், போன் அணைத்திருந்தது. குமாஸ்தாவுக்கு அடித்தாள். அடிக்கும்போதே அவளுடைய போன் அணைந்துவிட்டது. தெருமுனை டீக்கடைக்காரரின் போனை வாங்கினாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் கணவனுடையது.

மறைமலைநகர் லாக்கர் அறையில் மணி பத்து நாற்பது. "குந்துய்யா! கவுந்துடும், குந்துய்யா!"

மூன்று முறை. பிறகு இன்னும் மூன்று முறை.

ராமதாஸ் எழுந்து நின்றார். குக்கர் விசில் இல்லை. அப்படியானால் ஸ்டான்லி இல்லை. ஆனால் யாருக்கோ வீட்டிலிருந்து அடிக்கிறார்கள். லாக்கர்களை ஒட்டி நடந்தார். ஒரு போன் அதிர்ந்தால் தகரச் சுவர் முழுக்க அதிரும் அறை அது. காதைத் தகரத்தில் வைத்து வைத்துப் பார்த்து, மூன்றாவது வரிசையின் வலது பாதி என்று முடிவு செய்தார். அங்கே இருபது லாக்கர். அதில் பதினோரு பேருக்கு 'குந்துய்யா'. ஸ்டான்லியுடையதும் அதில் ஒன்று.

பதினோராவது அழைப்பில் சம்பத்துக்கு இண்டர்காம் போட்டார்.

"சம்பத்து, யாருக்கோ விடாம அடிச்சிகினு கீறாங்க. ஸ்டான்லிகிட்ட ஒரு வார்த்த கேளேன்."

"குக்கர் அடிச்சுதா?"

"இல்ல. குந்துய்யாதான்."

"அப்பறம் அவன இன்னாத்துக்குக் கேக்கணும்? ஆடிட் நடந்துகினு கீதுண்ணா. கார் கம்பெனி ஆளு என் முதுகுக்குப் பின்னாடியே நிக்கறாரு. எனுக்கும் இதே ரிங்குதான், எனுக்கா கூட இருக்கும். வையி போன."

ரஞ்சித்குமாரின் அறைக்கு அடித்தார். அவரும் ஆடிட்டில். முன்மேசையில் இருந்த பெண், ஆடிட் முடியும்வரை லைனிலிருந்து யாரையும் எடுக்கக் கூடாது என்று சொன்னார். "சார்கிட்ட சொல்றேன் அண்ணா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டான்லிக்குத்தான் அழைப்பு என்று சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். ராமதாஸும் தன்னையே கேட்டுக்கொண்டார். ஸ்டான்லியாக இல்லாவிட்டால் அன்றைக்கே அவருக்கு வேலை போயிருக்கும். பதினோரு பேரில் ஒருவர் என்ற கணக்கில், அடுத்தவர் வேலையை வைத்து அவரால் விளையாட முடியவில்லை. விசிலுக்குத்தானே பேசிக்கொண்டார்கள். பேசிய பேச்சை இருவரும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

முட்டுக்காட்டில் அதிகாரி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோசமான மனிதர் இல்லை என்றுதான் சிநேகாவும் சொல்கிறாள். "ஆர்டர் இருந்தா காட்டும்மா. போன்லயே காட்டு, போதும்" என்றார். அரை மணி நேரம் கொடுத்தார். பிறகு இன்னொரு அரை மணி. முதல் மூன்று வீடுகளை முடித்துவிட்டு வரச் சொல்லி ஜேசிபியை அனுப்பினார். சிநேகா டீக்கடைக்காரரின் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

ராமதாஸ் அந்த இருபது லாக்கர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். மூலையில் தீயணைப்புக்கென ஒரு கடப்பாரை மாட்டியிருந்தது. அதைப் பார்த்தார். தலைக்கு மேலே இருந்த கேமராவையும் பார்த்தார். எந்தப் பூட்டை உடைப்பது? பதினொன்றையுமா?

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சத்தம் நின்றது. அதுவரை நிற்காதா என்று இருந்தவர், நின்ற பிறகு மறுபடி தகரத்தில் காதை வைத்துப் பார்த்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் வேறு வேறு வரிசைகளில் 'குந்துய்யா' அடித்தது. ஒரு முறை, இரண்டு முறை. கடன் அட்டை விற்கிறவர்களாக இருக்கும்.

இரண்டரை மணிக்கு ஆட்கள் வந்தார்கள். ஆடிட் நன்றாக முடிந்ததால் ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் கையில். ராமதாஸ் மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரும் திறப்பதைப் பார்த்தார். முபஷ்ஷிர் திறந்தார், ஒன்றும் இல்லை. ஆல்வின் திறந்தார், ஒன்றும் இல்லை. ஸ்டான்லி திறந்தார். தெரியாத நம்பரிலிருந்து முப்பத்தொரு தவறிய அழைப்புகள்.

திருப்பி அடித்தார். டீக்கடைக்காரர் எடுத்தார். போன் சிநேகாவின் கைக்குப் போவதற்குள் பின்னால் ஜேசிபி சத்தம் கேட்டிருக்கிறது. இடிபாட்டை லாரியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டான்லி முதலில், "பாப்பா எங்க?" என்று கேட்டார். "சாமான்லாம் எடுத்தியா?" என்றார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு ராமதாஸிடம் திரும்பினார்.

"குக்கர் அடிக்கலியாண்ணா?"

"அடிக்கலப்பா."

"அவ போனு ஆப் ஆயிடுச்சாம்."

"இதான் அடிச்சுது. பத்தே முக்காலேர்ந்து அடிச்சுது. நான் சம்பத்துகிட்ட சொன்னேன், ஆபீஸ்லயும் சொன்னேன்."

"வுடுண்ணா."

சம்பத் ஸ்வீட் பாக்கெட்டைக் கையில் வைத்தபடி பக்கத்தில் நின்றிருந்தார். தன் போனை எடுத்து எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். ரிங்டோனை மாற்றிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் வேறு சிலரும் மாற்றினார்கள். எல்லோரும் இல்லை.

அடுத்த வார ஓய்வு நாளில் ராமதாஸ் பஸ் பிடித்து முட்டுக்காடு போனார். தெருவில் நான்கு வீடுகள் இருந்த இடத்தில் உப்பங்கழித் தண்ணீர் நேரே தெரிந்தது. ஸ்டான்லியின் குடும்பம் கோவளத்தில் அவருடைய அக்கா சாராள் வீட்டில் ஒரே அறையில் இருந்தது. சிநேகா டீ போட்டுக் கொடுத்தாள். கேள்வியைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருந்த மாதிரி இருந்தது.

"அண்ணா, நான் அடிச்சப்பல்லாம் உங்களுக்குக் கேட்டுதா?"

"எல்லாமே கேட்டுதும்மா."

"ஒண்ணுகூட விடாம?"

"ஒண்ணுகூட விடாம."

அவள் தலையை ஆட்டினாள். யாருக்கும் கேட்கவில்லையோ என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம். ராமதாஸ் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை ஸ்டான்லி வந்தார். "மெமோ எதுனா குடுத்தாங்களா உனுக்கு?" என்று அவர்தான் ராமதாஸை விசாரித்தார்.

மெமோ எதுவும் வரவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வந்தது: லாக்கரில் வைக்கும் போன்களை அணைத்துவிட்டு வைக்க வேண்டும், அவசரத் தகவலுக்கு அலுவலக எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணை காலை ஒன்பதரைக்கு மேல்தான் எடுக்கிறார்கள். லாக்கர் அறை இப்போது அமைதியாக இருக்கிறது. ராமதாஸ் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். படிக்கும்போது நடுவில் தலையைத் தூக்கிப் பார்ப்பதாக வெளிக் கேட் ட்யூட்டியிலிருந்து அவ்வப்போது அங்கே வந்துபோகும் ஜெயக்குமார் சொல்கிறார். "இன்னாண்ணா, இன்னா கேட்டுது?" என்றால், "ஒண்ணும் இல்ல" என்பாராம்.

தடை உத்தரவு இருந்தும் வீட்டை இடித்தது பற்றி ஸ்டான்லியின் வக்கீல் மனு போட்டிருக்கிறார். இடிப்பதற்கு முன் உத்தரவைக் காட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் முயன்றார்கள் என்பதற்கு ராமதாஸ் வந்து சாட்சி சொன்னால் நல்லது என்று கேட்டார். கம்பெனி விஷயமாக வெளியே எதுவும் பேசக் கூடாது என்று ஏஜென்சி ராமதாஸிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறது. ஒருநாள் விடுப்பாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஆள் இல்லை என்றார்கள்.

மனு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை விசாரணைக்கு வருகிறது. அன்றைக்கு ராமதாஸுக்கு ஏ ஷிப்ட்.